இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன ஒரே வாக்கியம்

விசாரணை அறிக்கையின் நாற்பத்தாறாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "தீ பற்றிய நேரத்தில் ஏழாம் விடுதியிலிருந்து நம்பத்தகுந்த தகவல் எதுவும் வரவில்லை."

அறிக்கையைத் தமிழில் பெயர்க்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். இறந்த முப்பத்தொரு பேரும் எங்கள் கடற்கரைக்காரர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அதில் ஒன்று என் அம்மாவின் கைக்குப் போகும். மற்ற எல்லாவற்றையும் பெயர்த்தேன். அந்த வரி இருந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் கண்டுபிடித்து என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது நல்லதாகப் போயிற்று. பகல் முழுவதும் எனக்குக் கிடைத்தது.

என் பெயர் ஜெனோவா. தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். சீனாவில் வேலைக்கு ஆள் போதாமல், வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பக்கத்து இளைஞர்கள் கிழக்கே கப்பல் ஏறத் தொடங்கிய காலம் அது. நான் சீனம் படித்து, வென்லாங் என்ற துறைமுக நகரத்தில் ஆள் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஐந்து வருடம் கழித்து என் தம்பி கஸ்பாரையும் வரவழைத்தேன். பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் ஆலையில் அவனுக்கு இரவு ஷிப்ட். வயது இருபத்தேழு.

வென்லாங்கில் தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் அழைப்பு எண் கிடையாது. முன்பு இருந்ததாம், எடுத்துவிட்டார்கள். ஓர் ஆள் பதறி எண்ணை அழுத்தி, முகவரி சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கும் பத்துப் பேர் தங்கள் கைபேசியில் அதைப் பற்றி எழுதியிருப்பார்கள். அப்படியானால் அந்தப் பத்துப் பேர் எழுதுவதையே படித்தால் போதாதா என்று யோசித்து ஒன்றைக் கட்டினார்கள். அதற்குச் செங்யான் என்று பெயர். நகரத்தின் கண் என்று பொருள். நகரத்தில் யார் சீன மொழியில் எதை எழுதிப் போட்டாலும் அது படிக்கும். எங்கே என்ன நடக்கிறது என்று கணித்து, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். புள்ளி விழுந்தால் வண்டி கிளம்பும். புள்ளி விழாத இடத்துக்கு வண்டியை எடுக்க ஓட்டுநருக்கு அதிகாரம் இல்லை.

செங்யானுக்குச் சீனம் மட்டும்தான் தெரியும். நகரத்தில் நாற்பதாயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தோம். தமிழிலோ வங்காளத்திலோ எழுதினால் அதற்கு அது மழைச்சத்தம். எங்கள் ஆட்கள் அதற்கு ஒத்தக்கண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஒத்தக்கண்ணனுக்கு ஒரு மாத்திர வாங்கிக் குடுங்கக்கா, நம்ம பக்கம் பார்வையே இல்ல" என்று ரெமிஜியுஸ் சொல்வான். ஏழாம் விடுதியில் கஸ்பாரின் அறையில் தங்கியிருந்தவன் அவன். எதையும் கேலியாகச் சொல்லித்தான் பழக்கம்.

அந்தக் கேலியைக் கேட்டுத்தான் நான் அதைச் செய்தேன். நிறுவனம் சொல்லிச் செய்யவில்லை, நானாகச் செய்தேன். சீனத்தில் ஒரு வாக்கியம் எழுதி, விடுதியில் இருந்த எல்லாருடைய கைபேசியிலும் ஏற்றிக் கொடுத்தேன். "ஏழாம் விடுதியில் ஆபத்து, மனிதர்கள் உள்ளே சிக்கியிருக்கிறார்கள், உடனே வாருங்கள்." ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உட்காரவைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலுக்குப் போனவர்களிடம் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலில் ஒரு படகுக்கு ஆபத்து என்றால் வயர்லெஸில் அதன் குரல் வரும். கேட்ட படகு அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கடுத்த படகுக்கு. அப்படியே கரை வந்து சேரும். வந்த சொல்லை வந்தபடியே சொல்ல வேண்டும். ஒருமுறை "இன்ஜின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது" என்று வந்ததை நடுவில் ஒருவர் சுருக்கி "இன்ஜின் கோளாறு" என்று கடத்திவிட்டார். கோளாறுதானே, சரிசெய்துகொண்டு வந்துவிடுவார்கள் என்று கரையில் இருந்துவிட்டார்கள். அந்தப் படகில் போனவர்களில் என் பெரியப்பா ஒருவர். அதன்பிறகு எங்கள் ஊரில் ஆபத்துச் செய்தியை யாரும் தன் சொல்லில் சொல்வதில்லை. எத்தனை வாயிலிருந்து ஒரே சொல்லாக வருகிறதோ அத்தனை உண்மை.

தீ ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பற்றியது. ஆற்றங்கரையில் இருந்த விடுதியின் தரைத்தளத்தில் ஆலைக்காரர்கள் பிரித்த பேட்டரிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதன் மேலே நான்கு மாடியில் இரவு ஷிப்ட் ஆட்கள் எண்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெடித்த சத்தத்தில் எழுந்தவர்களில் நாற்பத்தொன்பது பேர் படியிறங்கி ஓடிவிட்டார்கள். அதற்குள் படிக்கட்டு புகையால் அடைத்துக்கொண்டது. மிச்சம் இருந்தவர்கள் மேலே ஏறினார்கள்.

கஸ்பார் என்னை அழைத்தபோது இரண்டு ஐந்து. நான் நகரத்தின் மறுகோடியில் அலுவலகத்தில் இருந்தேன். மொட்டைமாடியில் முப்பது பேருக்கு மேல் நிற்பதாகவும், வாக்கியத்தை எல்லாரும் போட்டுவிட்டதாகவும், ஆலையில் பகல் ஷிப்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி அவர்களும் போடுவதாகவும் சொன்னான். குரலில் பயம் இருந்தது, ஆனால் வேலை செய்கிறவனின் பயம். வலை இழுக்கும்போது அப்பாவுக்கு வரும் குரல்.

நான் வரைபடத்தைத் திறந்தேன். சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. ஆற்றுக்கு எதிர்க்கரையில்.

எதிர்க்கரையில் முப்பது மாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. பால்கனியில் நின்றால் எங்கள் விடுதிப் பக்கம் நன்றாகத் தெரியும். அங்கே இருந்தவர்கள் புகையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். "என்ன நாற்றம் இது" என்று ஒருவர். "துணி காயப்போட்டிருக்கிறேன், கரி படிகிறது" என்று ஒருவர். "இன்றைக்கு யார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள்" என்று ஒரு புத்திசாலி. இப்படி ஒன்பது பேர். ஒன்பதும் வேறு வேறு சொற்கள். யாரும் இடத்தின் பெயரை எழுதாததால், எழுதியவர்கள் எங்கே இருந்தார்களோ அங்கே புள்ளி விழுந்தது. நான்கு தீயணைப்பு வண்டிகள் அந்தக் குடியிருப்பின் பூங்காவில் போய் நின்று, தீயைத் தேடின.

தீயணைப்பு நிலையத்தின் அலுவலகத் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். வண்டிகள் ஏற்கெனவே போய்விட்டன என்றார். தவறான கரைக்குப் போயிருக்கின்றன என்றேன். வரைபடத்தில் அப்படி இல்லையே என்றார். விடுதியில் ஆட்கள் சாகப் போகிறார்கள் என்று கத்தினேன். அப்படியானால் அங்கிருந்து யாராவது எழுதியிருப்பார்களே அம்மா, எழுதியிருந்தால் புள்ளி விழுந்திருக்குமே என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்த ஆளின் குரலை எந்தக் கூட்டத்திலும் என்னால் அடையாளம் காட்ட முடியும்.

கஸ்பார் மறுபடி அழைத்தான். இரண்டு பதினேழு.

"அக்கா, வண்டி தெரியுது. நாலு வண்டி. அந்தக் கரையில நிக்குது. இங்கிட்டுத் திரும்ப மாட்டேங்குது."

"சொல்லிட்டிருக்கேம்ல. நீங்க விடாம போட்டுக்கிட்டே இருங்க."

"எல்லாரும் அதையே போட்டு ஒண்ணும் நடக்கலக்கா. ஒரே பாட்டக் கேட்டு ஒத்தக்கண்ணன் தூங்கிட்டானோ என்னமோ. நான் வேற மாதிரி எழுதிப் பாக்கட்டா?"

"மாத்தாதலே. ஒனக்குத் தெரிஞ்ச அரகொற சீனத்துல எழுதிக் கொழப்பிராத. சொன்னத அப்படியே போடு. நானும் போடுதேன்."

கொஞ்ச நேரம் இருமல் சத்தம். பிறகு "சரிக்கா" என்றான்.

நானும் போட்டேன். அதே வாக்கியம், எழுத்துக்கு எழுத்து. மூன்று மணிக்குள் மொட்டைமாடித் தளம் உள்ளே இறங்கிவிட்டது. அவர்கள் தீயணைப்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டே செத்தார்கள்.

பிறகு அந்த அறிக்கை வந்தது. நம்பத்தகுந்த தகவல் எதுவும் வரவில்லை. அதாவது எங்கள் ஆட்களுக்கு உதவி கேட்கத் தெரியவில்லை. ஊரில் ஆட்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மொழி தெரியாத இடத்துக்குப் போனால் இப்படித்தான் என்று பங்குச் சாமியாரே அம்மாவிடம் சொன்னாராம். நான் வேண்டியது ஒன்றுதான். அவர்கள் கேட்டார்கள் என்று அந்த அறிக்கையில் எழுதப்பட வேண்டும். அந்த வரைபடத்தில், அந்த நாளில், எங்கள் கரையில் ஒரு புள்ளி இருக்க வேண்டும்.

ஏழு மாதம் அலைந்தேன். செங்யானை நடத்தும் நிறுவனத்தின் வாசலில் தினமும் போய் நின்றேன். உயிர் பிழைத்த ரெமிஜியுஸ் என்னோடு வந்து நிற்பான். கேலியெல்லாம் போய்விட்டது அவனிடம். ஒருநாள் ஷு யீங் என்ற பெண் வந்து எங்கள் அருகில் நின்றாள். அங்கே பொறியாளர். நாற்பது வயதிருக்கும். பக்கத்து நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போய், பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தன் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். பதினேழு நிமிடத்தில்."

"அப்படியானால் ஏன் வரவில்லை என்று எழுதினீர்கள்?"

"எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ஐம்பது பதிவுக்கு மேல் ஒரே மாதிரி வந்தால் அது வதந்தி. யாரோ ஒருவர் எழுதி, மற்றவர்கள் நகல் எடுத்துப் பரப்புவது. செங்யான் அதை ஒன்றாகக்கூட எண்ணாது, பூச்சியம். புள்ளி விழ ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேரும் தங்கள் சொந்தச் சொல்லில் எழுதியிருக்க வேண்டும். பதறுகிறவர்கள் ஒரே மாதிரி எழுதமாட்டார்கள். அந்த விதியை எழுதியது நான்தான்."

எதற்காக எழுதினாள் என்பதையும் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் அணை உடைந்துவிட்டது என்று ஒரே வாக்கியம் நகரம் முழுவதும் பரவியது. படகுத்துறையில் நெரிசல். பதினான்கு பேர் மிதிபட்டுச் செத்தார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவர்களில் அவள் அக்காவின் மகள் ஒருத்தி.

நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. உன் அக்கா மகளுக்காக நீ எழுதிய விதியில் என் தம்பி செத்தான் என்றேன். எங்கள் ஊரில் வயர்லெஸ் செய்தி எப்படிக் கடத்தப்படும் என்பதையும் சொன்னேன். பதறும்போது ஒரே சொல்லாகச் சொல்லப் பழகிய மனிதர்கள் உலகத்தில் உண்டு, நீங்கள் யாரும் எங்களைக் கேட்கவில்லை என்றேன். அவள் நூடுல்ஸைத் தொடவே இல்லை. காகிதத்தின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நான் காட்டாவிட்டாலும் ஒருநாள் யாராவது காட்டுவார்கள்."

முன்பக்கங்கள் எல்லாம் அடிக்கப்பட்ட வரிகள். ஒரே வரி, திரும்பத் திரும்ப, நடுவில் கோடு கிழித்து. கடைசிப் பக்கத்தில் கோடு விழாத வரிகள் நான்கு இருந்தன. நான்கு கைபேசிகளிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே வகைப் பிழைகள், ஒரே ஆள் தட்டியிருக்கிறான்.

"ஆற்றுக்கு இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் இல்லை."

"புகை எங்கள் காலுக்குக் கீழே."

"ஏணி கொண்டு வா. ஐந்து மாடி உயரம். தண்ணீர் மட்டும் போதாது."

"உன் சிவப்பு வண்டி எனக்குத் தெரிகிறது. நான் சட்டையை ஆட்டுகிறேன்."

ஆலை உணவகத்தில் சீட்டு ஆடிக் கற்ற சீனம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை அடையாளம். நான்காவதுக்கு எதிரே, ஐந்தில் நான்கு.

அதற்கு அடுத்த வரி இரண்டு இருபத்தொன்றுக்கு வந்தது. ஐந்தாவதாக எண்ணப்பட்டிருக்க வேண்டிய இடம். அதன் நடுவே கோடு கிழித்திருந்தது. பக்கத்தில் கணக்கின் பெயர் இருந்தது. என் பெயர்.

சரிக்கா என்று சொல்லிவிட்டு அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் கைபேசிகளை வாங்கி எழுதியிருக்கிறான். இந்த நகரத்தில் யாரையும்விட நன்றாகச் சீனம் எழுதத் தெரிந்த தமிழச்சி, தன் சொந்தச் சொல்லில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "என் தம்பி ஏழாம் விடுதியில் நிற்கிறான்" என்று எழுதியிருந்தால்கூடப் போதும்.

ரெமிஜியுஸ் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். படித்துச் சொன்னேன், என் பெயர் உட்பட.

"இதக் காட்டுனா ஒங்க தலையில கட்டிருவானுவ, அக்கா."

"காட்டலன்னா அவன் எழுதுனது யாருக்கும் தெரியாதுலே."

அவன் சொன்னதுதான் நடந்தது. தொழிலாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்ட மறுவாரம் செங்யான் நிறுவனத்தின் வழக்கறிஞர் காவ் என்னைத் தேடி வந்தார். காகிதக் கட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அறிக்கையில் யார் மேலும் பழி இருக்காது என்றார். பெறாவிட்டால், தவறான வாக்கியத்தைத் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று என் பெயர் பதிவாகும், ஊரில் உங்கள் அம்மா அதைப் படிப்பார்கள் என்றார். கனிவான முகம். பேசி முடித்ததும் எனக்குத் தேநீர் ஊற்றினார். நான் அதை அவருடைய காகிதங்களின் மேல் கவிழ்த்தேன்.

தீர்ப்பாயத்தில் மூன்று பேர். தலைவி வயதான அம்மாள். விசாரணை நாளில் காவ் ஒன்றரை மணி நேரம் பேசினார். என் வாக்கியம்தான் கொன்றது என்று மூன்று விதமாகச் சொன்னார், செங்யானுக்குப் பிடித்தமாதிரி வேறு வேறு சொற்களில். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவி கேட்டார்.

"என் பெயரைப் போடுங்கள்" என்றேன். "என் தப்பு என்று வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் வரவில்லை என்று எழுதாதீர்கள். வந்தது என்று எழுதுங்கள்."

தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. முதல் பகுதியில் என் பெயர் இருக்கிறது, காவ் சொன்னபடியே. ஆலைக்கு ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். இரண்டாம் பகுதி: இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் உண்மையானவை, செங்யானின் பதிவேட்டில் அவற்றின் மேல் உள்ள கோடு நீக்கப்பட வேண்டும், நிகழ்ச்சி நடந்த இடத்தில் புள்ளி குறிக்கப்பட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்குச் செய்வார்கள் என்று ஷு யீங் தகவல் அனுப்பினாள். காகிதங்களை எனக்குக் கொடுத்ததற்காக அவளை அதற்குள் வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். வேறு யாரோதான் செய்தார்கள். நானும் ரெமிஜியுஸும் இன்னும் எட்டுப் பேரும் விடுதி இருந்த இடத்துக்குப் போனோம். இடித்துத் தள்ளிச் சமன் செய்திருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவில் நின்று எல்லாரும் கைபேசியில் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டோம்.

பத்து முப்பத்திரண்டுக்கு எங்கள் கரையில் புள்ளி விழுந்தது. அவ்வளவு பெரிய புள்ளியை நான் அந்த வரைபடத்தில் பார்த்ததில்லை. விடுதி இருந்த இடம் முழுவதும் சிவப்பு. ரெமிஜியுஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். சின்னையா என்ற பெரியவர் இறந்துபோன தன் மகனின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.

அப்போது சங்கு ஒலித்தது.

பாலத்தின் மேல் தீயணைப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோடு நீக்கியவர்கள் தேதியைப் பற்றி யோசிக்கவில்லை, பழைய பதிவுகளைச் செங்யான் அப்போதுதான் வந்தவையாக எண்ணிவிட்டது. செங்யானுக்கு ஐந்து பேர் போதும், கஸ்பாரின் நான்கையும் சேர்த்து இருநூற்றுப் பதினாறு பேர் ஒரே நேரத்தில் கத்தியிருக்கிறார்கள். நகரத்தில் இருந்த வண்டிகளில் பாதியை அனுப்பிவிட்டது. பதினோரு வண்டி. மூன்றில் ஐந்து மாடிக்கு எட்டும் ஏணி. பத்து நாற்பதுக்கு முதல் வண்டி எங்கள் முன்னால் புல்லில் வந்து நின்றது. இளைஞர்கள் குதித்தார்கள், குழாயை இழுத்தார்கள், ஓர் ஏணி தானாக எழும்பி வெறும் வானத்தில் நீண்டுகொண்டே போனது.

தலைமை அதிகாரி என்னிடம் ஓடி வந்தார். முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூச்சுவாங்க, புல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் அவருடைய பயிற்சி முதலில் கேட்கச் சொன்ன கேள்வியைத்தான் கேட்டார்.

"உள்ளே எத்தனை பேர்?"

"முப்பத்தொன்று" என்றேன்.